சாவியில்லாத இரண்டாம் பெட்டகம்

ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்வது நம் இல்லங்களுக்குப் புதிய பழக்கமன்று. வீட்டுப் பத்திரத்தின் மூலத்தைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியவர்கள், அதன் நகலொன்றை நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வைத்தார்கள். சபுர் புறப்படும் பிள்ளை, பாஸ்போர்ட்டின் நகலை உம்மாவின் கையில் ஒப்படைத்துவிட்டே படியிறங்கினான். ஒன்று தொலைந்தால் மற்றொன்று கைகொடுக்கும் என்னும் நம்பிக்கையே இதற்கெல்லாம் அடிப்படை.

அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போவதில்லை. எனினும், நகல் இருக்கிறது என்பது ஒன்று. வேண்டிய நாளில் அந்த நகல் பயன்படும் என்பது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் ஒரு கணினியின் வாயிலாக அறிந்துகொண்டோம். இன்று ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்தின் நிழற்படங்களும், ஆவணங்களும், மறைந்தவர்களின் குரலும் கணினிக்குள் குடியேறிவிட்ட காலம். ஆகவே, நாம் அறிந்துகொண்டதை நம் வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது தகும் என்று கருதுகிறோம்.

ரெய்டு என்னும் சொல்

கணினியில் நாம் சேர்த்து வைப்பதெல்லாம் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வட்டில் பதிகிறது. இடையறாது சுழலும் எந்திரம் அது. மின்சாரம் திடீரென நின்றாலும், உப்புக்காற்று உள்ளே புகுந்தாலும், வயது முதிர்ந்தாலும் ஒரு நாள் நின்றுவிடும். அப்படி நிற்கும் நாளில் உள்ளிருப்பவை அழியாதிருக்கக் கண்டறியப்பட்ட வழிகளுள் எளியது, ஒரே அளவுள்ள இரு வட்டுகளைப் பொருத்தி, எழுதுவதை இரண்டிலும் ஒரே சமயத்தில் எழுதுவதாகும். ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம்போல் இருப்பதால் இதனை 'மிரரிங்' என்கிறார்கள்.

இதற்கு 'ரெய்டு 1' என்ற பெயரும் உண்டு. ரெய்டு என்றதும் வருமான வரி அதிகாரிகள் வாசலில் வந்து நிற்பதாக எண்ணி நம் வணிகப் பெருமக்கள் திடுக்கிட வேண்டியதில்லை. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் தோன்றிய பெயர் அது. விலையுயர்ந்த பெரிய வட்டு ஒன்றை நம்புவதைவிட, மலிவான சிறு வட்டுகள் பலவற்றை அணிசேர்த்து நம்புவது மேல் என்பது அவர்கள் வாதம். அவர்கள் வகுத்த ஐந்து நிலைகளுள் முதலாவதே இந்தக் கண்ணாடி முறை. அக்கட்டுரைக்கு முன்னரே டான்டம் போன்ற நிறுவனங்களின் கணினிகளில் இது வழக்கத்திலிருந்தது. அன்று பெரும் நிறுவனங்களால் மட்டுமே இயன்ற ஒன்று, இன்று இரண்டு வட்டுகளின் விலைக்கு எவர் வீட்டுக்கும் வந்துவிடுகிறது.

நாற்பத்தொரு நாடாக்கள்

நம் இல்லத்துக்கு அது வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். நம் வாப்பா 1977 முதல் 1986 வரை துபாயில் பணியாற்றினார்கள். கடிதம் எழுதுவதோடு, ஒலிநாடாவில் பேசி அனுப்புவதும் அந்நாளில் சபுராளிகளின் வழக்கமாக இருந்தது. ஊருக்குத் திரும்பும் யாரேனும் ஒருவரின் பெட்டியில், சவர்க்காரத்துக்கும் அத்தர்ச் சீசாவுக்கும் நடுவே வாப்பாவின் குரல் வந்து சேரும். பிள்ளைகளின் பெயர்களை மூத்தவர் முதல் வரிசையாகச் சொல்லி அழைத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி கேட்பார்கள். கிணற்றுச் சுவர் கட்டியாயிற்றா, பள்ளிக்கூடக் கட்டணம் செலுத்தியாயிற்றா என்பார்கள். இடையிடையே அறைத்தோழர் ஒருவர் இருமுவதும் கேட்கும்.

2004-இல் வாப்பா வஃபாத்தானார்கள். 2018-இல் எஞ்சியிருந்த 41 நாடாக்களையும் தங்கையின் மகன் கணினிக்கு மாற்றிக் கொடுத்தான். ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய 635 மெகாபைட் வீதம், மொத்தம் சுமார் 26 ஜிகாபைட். வட்டின் கணக்கில் இது ஒரு மூலைக்கும் காணாது. ஆனால், அந்த ஆண்டு மழைக்காலத்துக்குப் பிறகு நாடாக்களில் வெண்பூஞ்சை படர்ந்து, அவை மீண்டும் ஓட இயலாதனவாகிவிட்டன. அன்று முதல் வாப்பாவின் குரல் உலகில் வேறெங்கும் இல்லை. அந்த ஒரு வட்டில் மட்டுமே இருந்தது. அஸருக்குப் பிறகு உம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு எந்த நாடா?" என்று கேட்பது வழக்கமாயிற்று.

இத்தகைய ஒன்றை ஒற்றை வட்டில் விட்டுவைப்பது தகாதென்று, 2019-இல் கணினிக் கடை ஒன்றில் இரண்டாம் வட்டு வாங்கிக் கண்ணாடி முறையில் பொருத்தச் செய்தோம். இரண்டும் ஒரு டெராபைட் அளவின. இயங்குதளம், டெபியன் லினக்ஸ். கடையினர் யுஎஸ்பி குச்சியிலிருந்து கணினியை இயக்கி, பழைய வட்டில் இருந்ததை எல்லாம் கண்ணாடிக்கு மாற்றி, இரு வட்டுகளும் ஒத்திருப்பதைத் திரையில் காட்டி அனுப்பினார்கள். குச்சியை உருவிவிட்டு, வட்டுகளைக் கொண்டே ஒரு முறை இயக்கிப் பார்க்கும் வேலை மட்டும் அங்கே நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பொத்தானை அழுத்தியபோது கணினி எழவில்லை. ஆங்கிலத்தில் சில வரிகளை எழுதிக் காட்டிவிட்டு நின்றுவிட்டது.

ஐந்து வாசல்கள்

"பொருள் உள்ளேதான் இருக்கு மாமா; வழிதான் அதுக்குத் தெரியலை" என்றான் மருமகன். அவன் சொன்னதன் பொருளைப் புரிந்துகொள்ளக் கணினி எழும் முறையைச் சற்று அறிய வேண்டும்.

கணினி எழுவதை 'பூட்' ஆவது என்கிறோம். கால்சப்பாத்தின் மேல்விளிம்பில் அதை இழுத்து மாட்டுவதற்கென உள்ள வாருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரிலிருந்து வந்த சொல் அது. தன் வாரைத் தானே பற்றித் தன்னைத் தூக்கிக்கொள்வதுபோல், கணினி ஒரு சிறு துண்டைக் கொண்டு அடுத்த பெரிய துண்டை எழுப்பி, படிப்படியாக முழு உருப் பெறுகிறது. நம் கணினியைப் போன்ற பழைய அமைப்பில் இதற்கு ஐந்து வாசல்கள் இருப்பதாகக் கொள்ளலாம்.

முதல் வாசல் மதர்போர்டில் உள்ள பயாஸ். எந்தெந்த வட்டுகள் பொருத்தப்பட்டுள்ளன என்று பார்த்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. இரண்டாம் வாசல் அவ்வட்டின் முதல் 512 பைட். அதில் 446 பைட் துவக்கக் குறிப்பு. 64 பைட் வட்டின் பகுதிகளைச் சொல்லும் அட்டவணை. கடைசி 2 பைட் முத்திரை. மூன்றாம் வாசல் கிரப் எனப்படும் துவக்கி. அதன் தலை அந்த 446 பைட்டுக்குள்ளும், உடல் அதனை அடுத்துள்ள வெற்றிடத்திலும் இருக்கின்றன. நான்காம் வாசல் லினக்ஸின் கருவும், அதனுடன் வரும் 'இனிட்ரேம்எஃப்எஸ்' என்னும் சிறு மூட்டையும். இரு வட்டுகளையும் இணைத்து ஒன்றாக்கும் 'எம்டிஅட்ம்' என்னும் கருவி அந்த மூட்டைக்குள் இருந்தாக வேண்டும். ஐந்தாம் வாசலில்தான் கோப்புகள் திறந்து, நாம் அறிந்த திரை தோன்றுகிறது.

ஒவ்வொரு வாசலும் அடைபட்டிருக்கும்போது ஒவ்வொரு விதமாகப் பேசும். பயாஸின் பட்டியலிலேயே வட்டின் பெயர் இல்லையெனில் முதல் வாசல். கம்பியையோ, மின்னிணைப்பையோ, வட்டின் உயிரையோ ஐயுற வேண்டும். துவக்கக்கூடிய சாதனம் எதுவுமில்லை என்று எழுதிக் காட்டினாலோ, கருந்திரையில் ஒரு கோடு மட்டும் கண்சிமிட்டினாலோ இரண்டாம் வாசல். 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதி நின்றால் மூன்றாம் வாசல்: துவக்கியின் தலை கிடைத்திருக்கிறது, மீதி கிடைக்கவில்லை. 'இனிட்ரேம்எஃப்எஸ்' என அடைப்புக்குறிக்குள் தோன்றினால் நான்காம் வாசல். ஒன்றரை நிமிடம் எதற்கோ காத்திருந்து, பின் அவசர நிலை என்று அறிவித்தால் ஐந்தாம் வாசல். கோப்புப் பகுதிகளை எங்கெங்கே இணைப்பது என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' என்னும் பட்டியலில், இப்போது இல்லாத ஒரு பகுதியின் பெயர் இருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

ஆகவே, எழாத கணினியின் முன் பதறி நிற்பவர் முதலில் செய்ய வேண்டியது, திரையில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் படித்துத் தாளில் குறித்துக்கொள்வதாகும். நோயாளி சொல்வதைக் கேட்காமல் மருந்து எழுதுகிற மருத்துவரிடம் நாம் போவோமா?

முதல் தடை

நம் திரையில் இருந்தது நான்காம் வாசலின் மொழி. மூலப் பகுதிக்காகக் காத்திருந்து அலுத்துவிட்டதாகவும், இன்ன எண்ணுள்ள பகுதி இல்லை என்றும் எழுதியிருந்தது. மருமகன் அங்கிருந்தபடியே சாதனங்களின் பட்டியலைப் பார்த்தான். வட்டுகள் இரண்டும் தனித்தனியே தெரிந்தன. இரண்டும் சேர்ந்து ஒன்றாகும் கண்ணாடியின் பெயரை மட்டும் காணோம். காரணம் விளங்கிவிட்டது. கடையில் கண்ணாடியை உருவாக்கிய கருவி யுஎஸ்பி குச்சியில் இருந்தது. நம் வட்டில் இருந்த மூட்டைக்குள் அது வைக்கப்படவில்லை. குச்சியோடு சேர்ந்து அறிவும் போய்விட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தகைய வேளையில் கண்ணாடியைப் புதிதாக உருவாக்கும் கட்டளையைக் கொடுத்துவிடக் கூடாது. உருவாக்குவது வேறு, இருப்பதை இணைப்பது வேறு. புதிதாக உருவாக்கினால், எந்த வட்டிலிருந்து எந்த வட்டுக்கு நகல் ஓடும் என்பது கட்டளை கொடுப்பவரின் கையில் இருக்கிறது. வரிசை மாறினால் வெற்று வட்டு நிறைந்த வட்டின்மேல் எழுதப்பட்டு, இரண்டும் வெறுமையாகிவிடும். வட்டுகளுக்குக் கணினி இடும் 'எஸ்டிஏ', 'எஸ்டிபி' என்னும் பெயர்களையும் நம்பலாகாது. கம்பி மாறினாலோ, ஒரு குச்சியைச் செருகினாலோ அப்பெயர்கள் இடம் மாறிக்கொள்ளும். வட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் தொடரெண்ணைக் கொண்டே அதை அடையாளம் காண வேண்டும்.

மருமகன் டெபியன் நிறைந்த ஒரு குச்சியிலிருந்து கணினியை எழுப்பினான். இருக்கும் கண்ணாடியை இணைக்கும் கட்டளையைக் கொடுத்தான். நிலையைச் சொல்லும் கோப்பில் இரண்டு 'யு' எழுத்துகள் அருகருகே தோன்றின. இரு வட்டுகளும் நலம் என்பது அதற்குப் பொருள். அதன்பின் எதையும் எழுத இயலாதபடி, படிக்க மட்டும் அப்பகுதியைத் திறந்தான். முதல் நாடாவின் கோப்பைச் சொடுக்கினான்.

பெயர்கள் வரிசையாக ஒலித்தன. அடுப்படியில் இருந்த உம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்று, நம் பெயர் வரும்வரை கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார்கள்.

பழுது பார்க்கும் முன், 26 ஜிகாபைட்டையும் வெளிவட்டு ஒன்றுக்கு நகலெடுத்தோம். கணினி எழுவது அவசரமன்று. உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுத்து வைப்பதே அவசரம். அதன்பின் மருமகன் வட்டில் உள்ள இயங்குதளத்துக்குள் நுழைந்து, எம்டிஅட்ம் கருவியை நிறுவி, கண்ணாடியின் அடையாள எண்ணை அதன் அமைப்புக் கோப்பில் எழுதி, எஃப்எஸ்டேப்பில் உள்ள எண்ணையும் சரிபார்த்து, மூட்டையைப் புதிதாகக் கட்டினான். குச்சியை எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தியதும் கணினி எழுந்தது. எல்லோரும் நிம்மதியடைந்தோம்.

இரண்டாம் தடை

2022-ஆம் ஆண்டுக் கோடையில், மின்வெட்டுக்குப் பின் மின்சாரம் வந்த ஒரு மாலையில் முதல் வட்டு இறந்தது. சுழலும் ஓசை இல்லை. பயாஸின் பட்டியலில் பெயர் இல்லை. இந்த நாளுக்காகத்தானே இரண்டாம் வட்டு? அது நலமாகவே இருந்தது. ஆனாலும், துவக்கக்கூடிய சாதனம் எதுவுமில்லை என்று எழுதிவிட்டுக் கணினி நின்றது.

மருமகன் அப்போது வெளியூரில் கல்லூரியில் இருந்தான். தொலைபேசியில், "எழுதியிருப்பதை அப்படியே வாசிங்க மாமா" என்றான். வாசித்தோம். "இது இரண்டாம் வாசல், பயப்பட வேண்டாம்" என்றான்.

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான். கண்ணாடி பிம்பம் எடுப்பது முழு வட்டையும் அன்று. வட்டில் வகுக்கப்பட்ட பகுதியை மட்டுமே. அந்தப் பகுதி பொதுவாக வட்டின் தொடக்கத்திலிருந்து ஒரு மெகாபைட் தள்ளித் தொடங்குகிறது. துவக்கக் குறிப்புள்ள முதல் 512 பைட்டும், துவக்கியின் உடல் தங்கும் வெற்றிடமும் அதற்கு முன்னால் இருக்கின்றன. அதாவது, கண்ணாடியின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நாடா, படம், பத்திரம், இயங்குதளம் ஆகிய அனைத்தும் நொடிக்கு நொடி இரண்டாம் வட்டில் பதிந்துகொண்டிருந்தன. வாசல் மட்டும் முதல் வட்டில் ஒரு முறை எழுதப்பட்டதோடு சரி. ஒரே பொருள்கள் நிறைந்த இரண்டு பெட்டகங்கள். சாவி செய்ததோ ஒன்றுக்கு மட்டுமே.

மூன்று ஆண்டுகள் இது வெளியே தெரியவில்லை. முதல் வட்டு உயிரோடு இருந்தவரை தெரியவும் வழியில்லை. எந்த நாளில் இரண்டாம் வட்டின் துணை வேண்டுமோ, அந்த நாளில்தான் அந்தக் குறை வெளிப்படும். வேண்டாதபோது மறைந்திருந்து, வேண்டும்போது தலைகாட்டும் குறையைவிடப் பொல்லாதது எது?

கழிந்த விதம் எளிது. குச்சியிலிருந்து எழுப்பி, துணை இல்லாமல் ஒற்றை வட்டோடு இயங்குமாறு கண்ணாடியை வற்புறுத்த வேண்டியிருந்தது. நிலைக் கோப்பில் இப்போது ஒரு 'யு'வும் ஒரு கீழ்க்கோடும் தெரிந்தன. ஒருவர் இருக்கிறார், ஒருவர் இல்லை. பின்னர் உள்ளே நுழைந்து, 'கிரப்-இன்ஸ்டால்' என்னும் கட்டளையால் எஞ்சிய வட்டின் தலையில் துவக்கியை எழுதினோம். கணினி எழுந்தது.

அடுத்த நாள் புதிய வட்டு வாங்கி, பழையதன் பகுதி அட்டவணையைப் புதியதற்கு நகலெடுத்து, கண்ணாடியில் சேர்த்தோம். ஒரு டெராபைட்டும் ஒத்திசைய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. மீண்டும் இரண்டு 'யு'. அத்துடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணுவதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. "புது வட்டுக்கும் கிரப் எழுதணும் மாமா, அது தானாப் போகாது" என்று மருமகன் நினைவூட்டினான். எழுதினோம். கடையினர் விட்ட இடம் இதுதான். அதை வேண்டுமென்றே செய்த குற்றம் என்று சொல்வதற்கில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரை சொல்லும்போது, மனிதர் நம்பிவிடுகிறார்கள்.

புதிய கணினிகளில்

இப்போது விற்பனையாகும் கணினிகளில் பயாஸுக்குப் பதிலாக 'யுஇஎஃப்ஐ' என்னும் அமைப்பு உள்ளது. அங்கே 446 பைட் கணக்கு இல்லை. வட்டில் 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்னும் சிறு பகுதி ஒதுக்கப்பட்டு, துவக்கி அதனுள் ஒரு சாதாரணக் கோப்பாக இருக்கிறது. மதர்போர்டு அதை நேராகத் திறந்து படிக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் எழுந்திருக்கவில்லை. லினக்ஸின் கண்ணாடியைப் பற்றி மதர்போர்டுக்கு எதுவும் தெரியாது. ஆகவே, பெயர் மாறினாலும் கதை அதுவே: வாசல் கண்ணாடிக்கு வெளியே நிற்கிறது.

இங்கே ஒவ்வொரு வட்டிலும் அந்தச் சிறு பகுதி தனித்தனியே இருக்க வேண்டும். துவக்கியின் கோப்புகள் இரண்டிலும் இருக்க வேண்டும். மதர்போர்டின் நினைவுப் பட்டியலில் இரண்டின் பெயரும் பதிவாகியிருக்க வேண்டும். அப்பட்டியல் அழிந்துபோனாலும் மதர்போர்டு வழக்கமாகத் தேடிப் பார்க்கும் பொது இடம் ஒன்றுண்டு. வட்டின் 'இஎஃப்ஐ' அடைவுக்குள் 'பூட்' என்னும் அடைவே அது. துவக்கியின் பிரதியை அங்கேயும் வைத்துவிடுவது நல்லது. இயங்குதளம் புதுப்பிக்கப்படும்போது முதல் வட்டின் துவக்கி மட்டும் புதியதாகி, இரண்டாவது பழையதாகவே தங்கிவிடுவதும் உண்டு. அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கும் முறை

இவற்றையெல்லாம் நினைவில் வைத்திருப்பது எல்லோருக்கும் இயலாது. வைத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒரே ஒரு சோதனை, இத்தனை கேள்விகளுக்கும் விடை சொல்லிவிடும். கண்ணாடி முறை பொருத்தப்பட்ட அன்றே, கடைக்காரர் நம் முன்னிருக்கும்போதே, அதைச் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

முதலில் உள்ளிருப்பவற்றின் நகல் வெளியே ஒன்று இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். கணினியை முறையாக நிறுத்தி, மின்கம்பியை உருவிவிட்டு, முதல் வட்டின் கம்பியைக் கழற்ற வேண்டும். பின்னர் இரண்டாம் வட்டை மட்டும் கொண்டு எழுப்ப வேண்டும். எழுந்தால் நன்று. எழாவிட்டால் அதுவும் நன்றே. குறை நல்ல நாளில் தெரிந்துவிட்டது. அடுத்து, கழற்றிய வட்டை மீண்டும் பொருத்தி, கண்ணாடியில் சேர்த்து, இரண்டு 'யு' எழுத்துகள் தோன்றும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகே இரண்டாம் வட்டைக் கழற்றி, முதல் வட்டைச் சோதிக்க வேண்டும்.

இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கலாகாது. ஒத்திசைவு முடியுமுன் வட்டுகளை மாற்றி மாற்றித் தனியே எழுப்பினால், ஒவ்வொன்றும் தன்போக்கில் எழுதிக்கொண்டு, இரண்டும் தானே உண்மை என்று சொல்லும். பின்னர் எதை நம்புவது என்பது பெரும் வழக்காகிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறையும், வட்டு மாற்றிய ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்யலாம். வட்டு இறந்தால் மின்னஞ்சலில் செய்தி அனுப்புமாறு எம்டிஅட்ம் கருவியைப் பணிக்கவும் இயலும். அவ்வாறு பணிக்காவிடில், ஒரு வட்டு இறந்து பல மாதம் ஆகியும் மற்றொன்றின் தோளில் வீடு ஓடிக்கொண்டிருக்கும், ஒருவரும் அறியார்.

கண்ணாடி செய்யாதது

இன்னொன்றையும் சொல்லி முடிப்போம். கண்ணாடி வட்டு, காப்பு நகலுக்கு ஈடாகாது. கண்ணாடியின் இயல்பு, எதிரே நிகழ்வதை அப்படியே காட்டுவதுதான். நல்லது எது, கெட்டது எது என்று அது பிரித்தறிவதில்லை. பேரப்பிள்ளையின் விரல் தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால், அதே கணத்தில் இரண்டாம் வட்டிலும் அது அழிகிறது. தீங்கு நிரல் புகுந்து கோப்புகளைப் பூட்டினால், இரண்டிலும் பூட்டுகிறது. வீட்டுக்குள் வெள்ளம் வந்தால், ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் சேர்ந்தே நனைகின்றன. கண்ணாடி காப்பது ஒரே ஓர் இடரிலிருந்து: இரண்டு வட்டுகளுள் ஒன்று நின்றுபோவது. அந்த இடரில் அது அரிய துணை. அதற்கு அப்பால் அதனிடம் எதையும் எதிர்பார்ப்பது முறையன்று.

ஆகவே, மூன்றாவது நகல் ஒன்று வேண்டும்; அது வேறு வீட்டில் இருக்க வேண்டும். வாப்பாவின் 41 நாடாக்களும் இப்போது தங்கை வீட்டு அலமாரியிலுள்ள ஒரு வெளிவட்டிலும் இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைக் கொணர்ந்து, ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து, முதலிலிருந்து முடிவுவரை கேட்கிறோம். கோப்பின் பெயர் பட்டியலில் தெரிவதை மட்டும் கண்டு திருப்தியடைவதில்லை.

நம் குடும்பங்களில் பாதுகாத்து வைத்தவர்களுக்குக் குறைவில்லை. பெட்டகத்தின் அடியில் பட்டுத்துணியில் சுற்றி வைத்த ஏடுகளும், தகரப் பெட்டியில் அடுக்கிய கடிதங்களும் அதற்குச் சான்று. ஆனால், பல ஆண்டுகள் கழித்துத் திறந்தபோது செல்லரித்த தூளைக் கண்டவர்களும் நம்மிடையே உண்டு. அவர்கள் வைக்கத் தவறியவர்கள் அல்லர். இடையில் திறந்து பார்க்க வாய்க்காதவர்கள். ஏட்டுக்கு உரிய விதி வட்டுக்கும் பொருந்தும். இல்லத்தில் இரட்டை வட்டுள்ள கணினி இருக்குமானால், வரும் விடுமுறை நாளொன்றில் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, முதல் வட்டின் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு முறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதற்குச் செலவாகும் நேரம், ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.